பெடல் தரையில் ஒட்டிக்கொண்டால்: டிராக் பந்தய சி5 கோர்வெட்டின் கிளட்ச் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சி5 கோர்வெட்டில் கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் காரின் பின்பாதியையே இறக்க வேண்டும். சி5 என்பது அமெரிக்க விளையாட்டுக் காரான கோர்வெட்டின் ஐந்தாம் தலைமுறை. 1997 முதல் 2004 வரை வந்த இந்தத் தலைமுறையில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்து பின்னால் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது டார்க் டியூப் என்ற நீண்ட குழாய். எடையை முன்னும் பின்னும் சமமாகப் பிரிக்க அருமையான ஏற்பாடுதான். ஆனால் கிளட்ச் எஞ்சினின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தொட சைலன்சர், பின் சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டார்க் டியூப் அத்தனையும் வழிவிட வேண்டும்.

என் முதல் சி5-இல் இதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளட்ச் தட்டைக் கையில் எடுத்தேன். பாதிக்கு மேல் கனம் மிச்சமிருந்தது. நான்கு நாள் முதுகொடிந்தது. கடைசியில் கோளாறு இருந்த இடம் எஞ்சின் மூடிக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. அதனால்தான் இந்த வழிமுறையை ஸ்பேனரில் தொடங்காமல் அறிகுறியில் தொடங்குகிறேன்.

எதற்கும் முன்னால் அந்தக் குப்பியைத் திறந்து பாருங்கள்

கிளட்ச் பெடலுக்கென்று தனியாக ஹைட்ராலிக் திரவக் குப்பி இருக்கிறது. அதன் மூடியைச் சுற்றித் தூசு போகத் துடைத்துவிட்டுத் திறந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் சில சொட்டு விடுங்கள். புதுத் திரவம் வெளிர்மஞ்சளாக இருக்கும். பந்தயம் ஓடும் காரில் அநேகமாகக் கறுத்த டிகாக்ஷன் போலத்தான் வரும். கிளட்ச் தட்டு தேயும் தூள், எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் பறந்துகொண்டே இருக்கிறது. பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இருப்பதும் அதற்குள்தான், கியர்பாக்ஸுக்குப் போகும் தண்டைச் சுற்றி. பிஸ்டன் முன்னும் பின்னும் போகும்போது சீலைத் தாண்டி அந்தத் தூள் திரவத்தில் கலக்கிறது. பக்கத்திலேயே சைலன்சர் குழாய் காய்கிறது. திரவமோ காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுடையது.

திரவம் கறுத்திருந்தால், வேறெந்த முடிவுக்கும் வருவதற்கு முன் அதை மாற்றுங்கள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் குப்பியிலிருப்பதை உறிஞ்சி எடுத்து, துணியால் துடைத்து, புதிய டாட் 4 தரப் பிரேக் திரவத்தை ஊற்றி, மூடியைப் போட்டுப் பெடலை இருபது முப்பது முறை நிதானமாக மிதியுங்கள். மறுபடி திறந்தால் மேலே கறுப்பு ஏறியிருக்கும். மறுபடி உறிஞ்சுங்கள். நிறம் தெளியும்வரை இதையே செய்ய வேண்டும். முதல் நாள் ஆறேழு முறை ஆகலாம்; சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி இரண்டு மூன்று முறை. காரைத் தூக்கவே தேவையில்லை. டாட் 3 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. தடத்தில் வரிசையில் நின்று நின்று வெப்பம் ஏறும் காருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: அதிக சுழற்சியில் கியர் மாற்றும்போது பெடல் தரையிலேயே நின்றுவிடுகிறது

இந்தக் காரை, நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். தெருவில் எல்லாம் சரியாக இருக்கும். தடத்தில் இரண்டாவது கியரில் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியைத் தொட்டு, மிதித்து மூன்றாவதுக்குத் தள்ளினால் பெடல் மேலே வராது; காலால் கோதி எடுத்தால்தான் வரும். அல்லது பெடல் கீழே போயும் கியர் விழ மறுக்கும்.

இதைப் பார்த்து 'கிளட்ச் போய்விட்டது' என்று முடிவு கட்டுவதுதான் நான் செய்த தவறு. தேய்ந்த தட்டுக்குப் பெடலைக் கீழே பிடித்துவைக்கும் சக்தி கிடையாது. முதல் சந்தேகம் மேலே சொன்ன திரவம். கெட்டுப்போன திரவத்தில் குமிழி உண்டாகிறது. தூள் சேர்ந்து சீல்களும் சண்டித்தனம் செய்கின்றன. இரண்டாவது, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள். வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விசை, ஏற்கெனவே உள்ளே அமுங்கியிருக்கும் விரல்களை அந்த நிலையிலேயே பிடித்துவைக்கப் பார்க்கும். பெடலின் திரும்பு ஸ்பிரிங்குக்கு அப்போது போதிய வலு இருப்பதில்லை. சுழற்சி இறங்கியதும் பெடல் தானாக மேலே வந்துவிட்டால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஆகவே திரவத்தை மாற்றுங்கள். தீரவில்லையென்றால் பெடலின் திரும்பு ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதற்குப் பிறகு, பெடலோடு சேர்ந்து திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை, பிஸ்டன் அதிக தூரம் நகரும் ஒன்றாக மாற்றுங்கள். இந்த மூன்றுக்கும் பின்பாதியை இறக்க வேண்டியதில்லை. மூன்றையும் செய்தபின்னும் பெடல் ஒட்டுகிறதென்றால்தான் பிரஷர் பிளேட்டையும் ஸ்லேவையும் குறை சொல்ல நியாயம் உண்டு.

கியர் விழ மறுப்பது அதிக சுழற்சியில் மட்டும்தான், பெடல் ஒழுங்காக மேலே வருகிறது என்றால் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் கியர்பாக்ஸின் சின்க்ரோ வளையங்களும் குற்றவாளிகளாக இருக்கலாம். அதே மாற்றத்தை 4,000 சுழற்சியில் செய்து பாருங்கள். அங்கே வெண்ணெய் போல விழுந்தால் சந்தேகம் கியர்பாக்ஸ் பக்கமும் சாய்கிறது.

அறிகுறி: எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை

உண்மையான தேய்மானத்தின் குரல் இது. ஆனால் டிராக் காரில் இதே குரலில் டயரும் பேசும். பின் டயர் சுழன்றாலும் எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இந்தக் காரின் வேகமானி கியர்பாக்ஸுக்குப் பின்னாலிருந்து கணக்கு எடுக்கிறது. டயர் சுழன்றால் சுழற்சிமானியோடு வேகமானியும் சேர்ந்தே எகிறும். கிளட்ச் வழுக்கினால் சுழற்சிமானி முள் மட்டும் துள்ளும். வேகமானி அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து இரண்டு முள்களையும் ஒரே சட்டத்தில் கைபேசியால் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

இன்னொரு வழி கணக்கு. நான்காவது கியர் இந்தக் காரில் ஒன்றுக்கு ஒன்று. டிஃபரன்ஷியலின் கடைசி விகிதம் 3.42. பின் டயரின் விட்டம் சுமார் 26 அங்குலம். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுற்றுகிறது, அதை 3.42-ஆல் பெருக்கினால் எஞ்சின் 2,750 சுழற்சிக்கு அருகில் இருக்க வேண்டும். வெட்டவெளியான, ஆளில்லாத சாலையில் நான்காவது கியரில் 2,000 சுழற்சியிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். 100-ஐத் தாண்டும்போது முள் 3,200-ஐக் காட்டினால் இடையில் ஏதோ வழுக்குகிறது. டிராக் டயர் மாட்டியிருந்தால் அதன் விட்டத்தைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கைப் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் பெடலை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பாதீர்கள். அது செத்த கிளட்ச்சை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். சாகக் கிடப்பதைக் காட்டாது. சி5-இன் வலுக்கூட்டிய வகையான இசட்06-இல், 2002 முதல் 2004 வரை வந்த எஞ்சின் 405 குதிரைத்திறன் தருவது. அதன் முறுக்குவிசை உச்சத்தில், மூன்றாவது நான்காவது கியரில்தான் முதல் வழுக்கல் தெரியும். முதல் கியரில் டயர் முந்திக்கொள்வதால் கிளட்ச் தப்பித்துவிடுகிறது. தடத்தில் கொடுக்கும் நேரச்சீட்டிலும் பாருங்கள். தொடக்க 60 அடி நேரம் வழக்கம்போல இருந்து, கால் மைல் கோட்டைத் தாண்டும் வேகம் மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்தால், நீங்கள் உணர்வதற்கு முன்பே கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருக்கலாம்.

குளிர்ந்திருக்கும்போது பிடித்து, நான்கைந்து ஓட்டத்துக்குப் பின் வழுக்குகிறதென்றால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,500 சுழற்சியில் பெடலை விட்டு, ஒரு விநாடி அரை கிளட்ச்சில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கடத்தினால், அந்த ஒரு விநாடியில் சுமார் 1,18,000 ஜூல் வெப்பமாகிறது. பத்து கிலோ இரும்பு அதை வாங்கிக்கொள்கிறதென்று வைத்தால் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மொத்த இரும்பும் 25 டிகிரி சூடேறுகிறது. உராயும் மேற்பரப்போ அந்தக் கணத்தில் பல நூறு டிகிரி போகிறது. ஓய்வில்லாமல் ஐந்து முறை புறப்பட்டால் இழையும் பிசினும் சேர்த்துச் செய்த சாதாரண ஆர்கானிக் தட்டின் பிடிமானம் தளர்வது இயற்கை. அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். முன்போல இறுக்கிப் பிடித்தால் தட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அந்த வேலைக்கு அது பொருத்தமில்லாத தட்டு, அவ்வளவே.

ஆறிய பின்னும் வழுக்கினால், இறக்க வேண்டியதுதான்.

அறிகுறி: நிற்கும்போது கியர் விழவில்லை, ரிவர்ஸ் கரகரவென்கிறது

பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், முதல் கியரில் பெடலை முழுதாக மிதித்து எஞ்சினைக் கிளப்புங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதே கார் முன்னால் துள்ளினால் சந்தேகம் உறுதி.

அடுத்த கேள்வி, ஹைட்ராலிக்கா, உள்ளே இருக்கும் இரும்பா? பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்து, கீழே பிடித்துக்கொண்டு கியரைப் போடுங்கள். இப்போது விழுந்தால் குழாயில் காற்று பிடித்திருக்கிறது, அல்லது மாஸ்டரோ ஸ்லேவோ உள்ளே கசிகிறது. எத்தனை முறை மிதித்தாலும் மாற்றமில்லையென்றால் தட்டு வளைந்திருக்கலாம், அதன் நடுவிலுள்ள ஸ்பிரிங் உடைந்து சிக்கியிருக்கலாம், கிளட்ச் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப்போய்த் தண்டையும் சேர்த்துச் சுற்றலாம். டிராக் காரில் வெப்பத்தால் வளைந்த தட்டுதான் நான் அதிகம் பார்த்தது.

குப்பியில் திரவ மட்டம் குறைந்துகொண்டே போகிறது, வெளியே எங்கும் சொட்டவில்லை என்றால் பெல் ஹவுசிங்கின் அடியைப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் ஸ்லேவ் உள்ளேயே அழுகிறது. அதற்கும் பின்பாதியைத்தான் இறக்க வேண்டும். இந்த வடிவமைப்பின் மீது எனக்குத் தீராத கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மற்றவை சுருக்கமாக

புறப்படும்போது காரின் உடம்பு உதறினால், தட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது அல்லது தட்டு உராயும் சுழல்சக்கரமான ஃப்ளைவீலில் வெப்பக் கறை ஏறியிருக்கிறது. பெடலை மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால், பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் பேரிங். பெடலை விட்டு, நியூட்ரலில் சும்மா ஓடும்போது கடகடவென்றால் டார்க் டியூபின் பேரிங்குகளைச் சந்தேகப்படுங்கள். கருகிய நாற்றம் ஒரே ஒரு புறப்பாட்டுக்குப் பின் வந்து போனால் பயப்பட வேண்டாம். வீடு வந்து சேரும்வரை கூடவே வந்தால் பயப்படலாம்.

இறக்குவது என்று முடிவான பின்

இரண்டு பேர், உயரமான நான்கு தாங்கிகள், கியர்பாக்ஸ் ஜாக் ஒன்று, சாதாரண ஜாக் ஒன்று. இவை இல்லாமல் தொடங்காதீர்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கியர் நெம்புகோலின் பெட்டி டார்க் டியூபின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை காருக்குள்ளிருந்தே கழற்ற வேண்டும். இதை மறந்து கீழே இழுத்துக்கொண்டே இருந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பிறகு சைலன்சர், அதற்கு மேலே சுரங்கத்தை மூடியிருக்கும் அலுமினியத் தகடு. தகட்டின் போல்ட்டுகள் ஏராளம். ஆனால் அதை அவிழ்ப்பது மூளைக்கு வேலை தராத வேலை, பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யலாம். பிரேக் காலிப்பர்களைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ரப்பர் குழாயில் எடை தொங்கக் கூடாது. சக்கர வேக உணரிகளின் ஒயர்கள், கைப் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகள்.

பின்னால் குறுக்கே கிடக்கும் இழைப் பிளாஸ்டிக் வில்லைக்கு முன்னால் கொஞ்சம் நிதானம். அதன் இரு முனைகளிலும் நீண்ட போல்ட்டு இருக்கிறது. காரின் உயரத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. கழற்றும் முன் போல்ட்டின் புரி எத்தனை மில்லிமீட்டர் வெளியே தெரிகிறது என்று இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். வில் விறைப்பாக இருக்கும்போது அந்த போல்ட்டை முழுதாக அவிழ்க்காதீர்கள். முதலில் ஜாக் வைத்து வில்லின் முனையைத் தாங்கி, விறைப்பை மெல்ல இறக்குங்கள். விடுபட்ட வில் விரலைப் பார்த்து அடிக்காது.

பின்பக்கம் போனதும் எஞ்சினுக்குப் பின்தாங்கல் இல்லை. அது பின்னால் சாய்ந்து தொங்கும். எண்ணெய்த் தொட்டியின் பின்பகுதியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கால் தாங்குங்கள். இந்த எஞ்சினின் தொட்டி அலுமினிய வார்ப்பு. ஜாக்கின் இரும்பு முனை நேராகப் பட்டால் விரிசல் விடும். கொஞ்சம் சாயவிட்டால் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு நீண்ட எக்ஸ்டென்ஷன் போட வழி கிடைக்கும். கிளட்ச் ஹைட்ராலிக் குழாயின் விரைவு இணைப்பை அவிழ்க்கத் தனிக் கருவி உண்டு. அதை வாங்கிவிடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தவர்கள் குழாயையே வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டார்க் டியூப் மூன்றும் ஒரே உடலாகப் பின்னால் நகர்ந்து, பிறகு கீழே வரும். ஒருவர் ஜாக்கில், ஒருவர் குழாயின் முன்முனையில். நடுவழியில் சிக்கினால் இழுக்காதீர்கள். ஏதோ ஒரு ஒயர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய தட்டைக் குப்பையில் போடும் முன்

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் அவிழ்க்காமல், எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். தட்டு கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதில் உங்கள் ஓட்டும் முறை எழுதியிருக்கும்.

இரு பக்கமும் சீராகத் தேய்ந்து, ரிவெட் தலைவரை வந்திருந்தால் அது நியாயமான மூப்பு. உராய்வுப் பட்டையில் கனம் இருந்தும் கண்ணாடிபோலப் பளபளத்து, எதிரே ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் தெரிந்தால் கொன்றது வெப்பம். அரை கிளட்ச்சில் நீண்ட நேரம் வழுக்கிப் புறப்படுகிறீர்கள், அல்லது ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளி விடவில்லை. புறப்படும் கோட்டில் காரை அங்குலம் அங்குலமாக நகர்த்த கிளட்ச்சால் தடவிக்கொண்டே இருப்பதும் இதைச் செய்யும். எண்ணெய் ஈரம் இருந்தால் புதுத் தட்டைப் போடுவது வீண். முதலில் எஞ்சினின் பின் ஆயில் சீல், பிறகுதான் மற்றது. பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ரிலீஸ் பேரிங் மையத்தில் உட்காரவில்லை. நடு ஸ்பிரிங்குகள் ஆடினால் பிடிமானமுள்ள டயரோடு சட்டென்று பெடலை விடும் பழக்கம்.

ஃப்ளைவீலில் நீலத் திட்டு லேசாக இருந்தால் கடைசல் கொடுத்துச் சமன்படுத்தலாம். நகத்தில் தட்டுப்படும் விரிசல் இருந்தால் தூக்கி எறியுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 6,500 சுழற்சியில் வெடிக்கும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் காரின் தரையையும் ஓட்டுநரின் காலையும் துளைத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு, கால் மைலை 11.49 விநாடியிலோ அதைவிட விரைவாகவோ ஓடும் கிளட்ச் கார்களுக்கு பந்தயப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ.யின் சான்றுபெற்ற ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். உங்கள் நேரம் அதற்கு அருகில் இருந்தால் இப்போதே அந்தத் தரத்தில் வாங்குங்கள். அடுத்த வருடம் இன்னொரு முறை பின்பாதியை இறக்க மனம் வராது.

எதைப் பூட்டுவது

வாரநாளில் அலுவலகத்துக்கும் மாதம் ஒருமுறை தடத்துக்கும் போகும் காருக்கு, 2006-இல் வந்த அடுத்த தலைமுறை இசட்06-இன் எல்எஸ்7 எஞ்சினுக்கான கிளட்ச்சும் அதற்குரிய ஃப்ளைவீலும் என் தேர்வு. அந்த எஞ்சின் 505 குதிரைத்திறன் தருவது. அதற்காகவே செய்த தொழிற்சாலைப் பொருள். பெடல் மென்மையாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. அதன் எடை அதிகம் என்று குறை சொல்வார்கள். டிராக் புறப்பாட்டுக்கு எடையுள்ள ஃப்ளைவீல் நல்லதுதான். பெடலை விட்டதும் எஞ்சின் மூச்சுத் திணறி விழாமல் அது தாங்கிப் பிடிக்கும். அலுமினிய ஃப்ளைவீல் வளைவுகள் நிறைந்த தடத்துக்கான ஆசை.

செராமிக் துண்டு பதித்த தட்டு வெப்பத்துக்கு அஞ்சாது. ஆனால் நெரிசலில் ஓட்டினால் கார் குதிரை போலத் துள்ளும். சூப்பர்சார்ஜர் போட்டுவிட்டீர்கள் என்றால் இரட்டைத் தட்டுக்குப் போங்கள். உராயும் பரப்பு இரண்டிலிருந்து நான்காவதால், பெடலைக் கல்லாக்காமலே பிடி கூடுகிறது. பணப்பைதான் கல்லாகிவிடும்.

திரும்பப் பூட்டும்போது

பின்பாதி கீழே இருக்கும்போது ஸ்லேவ் சிலிண்டர், பைலட் பேரிங், டார்க் டியூபின் ரப்பர் கப்ளிங்குகள், பேரிங்குகள் இவற்றை 'இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவைக்காதீர்கள். ஸ்லேவின் காற்று நீக்கும் திருகிலிருந்து ஒரு நீண்ட குழாயை வெளியே கொண்டுவந்து வைத்தால், இனி வாழ்நாள் முழுதும் திரவம் மாற்றுவது பத்து நிமிட வேலை. பைலட் பேரிங்கை எடுக்க இழுப்பான் இல்லையென்றால் அதன் நடுத்துளையில் ஈர ரொட்டியைத் திணித்து, துளைக்குச் சரியான ஒரு தண்டை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். ரொட்டி பின்னால் போய் பேரிங்கை வெளியே தள்ளும். கேட்டால் சிரிப்பீர்கள், வேலை செய்யும்.

பழைய ஃப்ளைவீலைக் கழற்றும் முன் கிராங்க் தண்டில் அது எந்த நிலையில் இருந்தது என்று குறியிடுங்கள். அதன் துளைகளில் சிறிய சமன் எடைகள் செருகியிருந்தால் புதியதிலும் அதே இடங்களில் செருக வேண்டும். இல்லாவிட்டால் முன்பில்லாத அதிர்வு ஒன்று கூடவே குடியிருக்கும். ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதியவை. எதிரெதிராக மூன்று சுற்றில் 20, 50, 100 நியூட்டன் மீட்டர். பிரஷர் பிளேட் படிப்படியாக 70. பெல் ஹவுசிங் 50. வேறு நிறுவனத்தின் கிளட்ச் என்றால் அதோடு வந்த தாளில் உள்ள எண்ணுக்கே மதிப்பு. மையப்படுத்தும் கருவியைத் தட்டின் நடுவில் செருகியபடியே பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். உராய்வுப் பரப்பை பிரேக் கிளீனரால் கழுவியபின் வெறும் விரலால் தொடாதீர்கள்.

அதிகம் பேர் தாண்டிக் குதிக்கும் படி ஒன்று உண்டு. பெல் ஹவுசிங்கின் பின்முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அங்கிருந்து பிரஷர் பிளேட் விரல்வரை ஆழத்தை அளங்கள். டார்க் டியூபின் முன்முகத்திலிருந்து, ஸ்லேவைக் கையால் முழுதும் அமுக்கிய நிலையில், ரிலீஸ் பேரிங்கின் முகம்வரை உயரத்தை அளங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது இடைவெளி. கிளட்ச்சோடு வந்த தாள் சொல்லும் அளவைவிட அது அதிகமாக இருந்தால் ஸ்லேவுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைக்க வேண்டும். தட்டு தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி வரும். அதற்கு இடம் விட்டுவைப்பதுதான் இந்த இடைவெளி.

டார்க் டியூபை உள்ளே தள்ளும்போது கடைசி இரண்டு விரற்கடை போகாமல் நின்றால் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்காதீர்கள். கோணத்தைச் சரிசெய்யுங்கள், தண்டை லேசாகச் சுற்றிவிடுங்கள். தானே உள்ளே நழுவும். எல்லாம் பூட்டி முடியும்வரை கிளட்ச் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. எதிரே தடுப்பதற்கு எதுவும் இல்லாத ஸ்லேவின் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். பெடலில் ஒரு துணியைக் கட்டிவைப்பேன்.

புதுக் கிளட்ச்சிலும் கோளாறு என்றால்

பெடல் மெத்தென்று இருக்கிறது, தரைக்கு அருகில்தான் பிடிக்கிறது: காற்று. மறுபடி நிதானமாகக் காற்றை நீக்குங்கள். இரண்டு முறை நீக்கியும் அப்படியே என்றால் இடைவெளி அதிகமாகிவிட்டது. ஸ்லேவ் தன் எல்லைக்குமேல் நீள வேண்டியிருக்கிறது.

புதுத் தட்டு வழுக்குகிறது: ஷிம் அதிகம் வைத்து, பேரிங் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கலாம். அல்லது கிரீஸ் கை பட்டிருக்கலாம். அல்லது, பெரும்பாலும், பழக்காமல் தடத்துக்குப் போய்விட்டீர்கள். முதல் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர், நின்று நின்று புறப்படும் ஊர்ச் சாலையில் மென்மையாக ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் ஓடும் மைல் கணக்கில் சேராது. கிளட்ச் அங்கே வேலையே செய்வதில்லை. கோர்வெட்டைத் தயாரிக்கும் தொழிற்சாலை 1981 முதல் இருப்பது கென்டக்கியின் பௌலிங் கிரீனில். பீச் பெண்ட் டிராக் தடமும் அதே ஊரில்தான். அங்கே வசிப்பவர்களுக்கு இந்த 800 கிலோமீட்டர் எவ்வளவு கடினமான விரதமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் சில நாள் லேசாக நடுங்குகிறது: பழகும்வரை பொறுத்துப் பாருங்கள். குறையாமல் கூடினால் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள்.

புறப்படும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது: இதற்குக் கிளட்ச் பொறுப்பல்ல. டயர் பிடிப்பதும் விடுவதுமாகத் துள்ளுகிறது. பழைய கிளட்ச் வழுக்கி வழுக்கி இந்த அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டிருந்தது. புதியது விழுங்குவதில்லை, அப்படியே டிஃபரன்ஷியலுக்கும் அரை அச்சுகளுக்கும் அனுப்பிவிடுகிறது. துள்ளல் தொடங்கிய நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், அந்த ஓட்டம் போனால் போகட்டும். டயர் காற்றை ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாற்றி, புறப்படும் சுழற்சியை 500 குறைத்து, அடுத்த முறை பாருங்கள். டிஃபரன்ஷியல் உடைந்தால் மறுபடி இறக்க வேண்டியது இதே பின்பாதியைத்தான், இதே போல்ட்டுகளைத்தான்.